தடைக்காலத்துல அட்வான்ஸ் குடுக்காதீங்க: நம்ம கடற்கரை ஊர்க் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், வடக்க தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வரைக்கும் உள்ள ஊர்த் தலைவர்மாருக்கும், மீனவர் சங்க நிர்வாகிகளுக்கும், ஜமாத் பெரியவங்களுக்கும், பங்குப் பேரவை ஆளுங்களுக்கும், முக்கியமா போட்டு முதலாளிங்களான சம்மாட்டிமாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஸ்தோத்திரம். எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன், யாரையும் விட்டுட்டேன்னு கோவிச்சுக்காதீங்க.

நான் மண்டபத்துப் பக்கம் ஒரு ஊர்ல புள்ளைங்களுக்கு சாயங்கால சென்டர் நடத்துறவ. பத்தாவதுல இருந்து காலேஜ் முதல் வருஷம் வரைக்கும் உள்ள பயலுகளும் பொம்பளப் புள்ளைங்களும் வருவாங்க. அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குறது, சர்டிபிகேட்டுக்கு கூட அலையுறது, எந்த காலேஜ்ல எந்த கோர்ஸ் இருக்குன்னு தேடிச் சொல்றது, பயப்படாம நாலு வரி இங்கிலீஷ் பேச வைக்கிறது, வீட்டுல போய் அப்பா அம்மாகிட்ட மல்லுக்கட்டுறது, இதெல்லாம்தான் வேலை. இதுக்கு என்ன பேருன்னு கேட்டா நோட்டீஸ்ல இளைஞர் மேம்பாடுன்னு போட்டுருக்கும், ஊர்ல "அந்த ஃபாரம் ஃபில்லப் பண்ற புள்ள"ன்னு சொல்வாங்க. ரெண்டாவது பேருதான் எனக்குப் புடிச்சிருக்கு.

கலெக்டருக்கு எழுத வேண்டியத விட்டுட்டு எங்களுக்கு எதுக்கு லெட்டருன்னு கேப்பீங்க. கலெக்டருக்கு எழுத வேண்டியது வேற இருக்கு, பஸ்ஸு, ஹாஸ்டல்னு, அத அங்க எழுதிக்கிறேன். இது உங்க கையில மட்டும் இருக்கிற விஷயம். எந்த அதிகாரி வந்தாலும் இத செய்ய முடியாது, நீங்க நினைச்சா ஒரே கூட்டத்துல முடிஞ்சிரும்.

விஷயத்துக்கு வர்றேன்: ப்ளஸ் டூ முடிச்ச பய பேர்ல அட்வான்ஸ், அதாவது போட்டு வேலைக்கு முன்கூட்டி குடுக்குற கடன், எழுதுறத ஊரா சேந்து நிறுத்தணும். நம்ம கரையில மீன்புடி தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். மார்ச்ல ப்ளஸ் டூ பரீட்சை, மே மாசம் முதல்ல ரிசல்ட். ரிசல்ட்ட ஒட்டியே அரசு கலைக் கல்லூரிக்கு ஆன்லைன்ல அப்ளிகேஷன், இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு பதிவு, ஐடிஐ, பாலிடெக்னிக், நர்சிங், எல்லாத்துக்கும் கடைசித் தேதி பெரும்பாலும் மே, ஜூனுக்குள்ளதான் வந்து விழுது. தனியார் காலேஜ் காரங்க ரிசல்ட் வந்த அன்னைக்கே போன் பண்ணி "இப்ப சீட்டுக்கு பத்தாயிரம் கட்டி வைங்க"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. அதாவது ஒரு வீட்டுல புள்ளைக்காக முழுசா காசு தேவப்படுற ரெண்டு மாசம் எதுவோ, அதே ரெண்டு மாசம்தான் அந்த வீட்டுல பத்து பைசா வரவு இல்லாத மாசம். விசைப்படகு கட்டிக் கிடக்கு, ஐஸ் கம்பெனி மூடிக் கிடக்கு, மீன் தூக்குற வேலையும் இல்ல, கருவாட்டு வேலையும் இல்ல. நாட்டுப்படகுக்குத் தடை இல்லதான், ஆனா கச்சான் காத்துல எத்தன நாள் கடல் இறங்க விடுது, அது உங்களுக்கே தெரியும். நிவாரணத்த 5000ல இருந்து 8000 ஆக்குறதா 2023 ஆகஸ்ட்ல நம்ம மண்டபத்து மாநாட்டுலதான் அறிவிச்சாங்க, நல்லதுதான், ஆனா அது அரிசிக்கும் பழைய கடனுக்குமே பத்தாது, அதுல அட்மிஷன் எங்க போடுறது.

இப்ப அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, நீங்க தினம் பாக்குறதுதான், ஆனாலும் வரிசையா எழுதுனா உறைக்கும்னு எழுதுறேன். மே கடைசில அப்பா சம்மாட்டிகிட்ட போய் நிக்கிறாரு. அவரு கணக்குல ஏற்கனவே அட்வான்ஸ் நிறைய நிக்குது, மேல குடுக்க சம்மாட்டிக்கு யோசனை. "பய ப்ளஸ் டூ முடிச்சுட்டான்ல, சும்மாதானே இருக்கான், அவன் பேருக்கு ஒரு இருபதாயிரம் எழுதிக்க"ன்னு பேச்சு வருது. அத யாரு முதல்ல சொல்றாங்கன்னு கேட்டா சத்தியமா எல்லா வீட்டுலயும் சம்மாட்டி சொல்றதில்ல, பாதி வீட்டுல அப்பாவே சொல்றாரு. காசு வீட்டுக்கு வந்துருச்சு, வட்டி அடைஞ்சிருச்சு, ஜூன் 15 அன்னைக்குப் போட்டு இறங்கும்போது பயலும் ஏறிட்டான். ஜூலைல கவுன்சிலிங்ல அவனுக்கு சீட்டு வருது, நான் போன் பண்றேன், போன் கடலுக்குள்ள இருக்கு.

பெயில் ஆன பயல சொல்லல. கணக்குலயும் பிசிக்ஸ்லயும் நல்ல மார்க் எடுத்த பயலுகள சொல்றேன். நம்ம புள்ளைங்க ஸ்கூல்லயும் காலேஜ்லயும் படிப்ப விட்டு நிக்கிறத விட, ரெண்டுக்கும் நடுவுல இந்தத் தடைக்காலத்துலதான் நின்னு போறாங்க. ஸ்கூல் வாத்தியாருக்கு ரிசல்ட்டோட வேலை முடிஞ்சது, காலேஜுக்கு வந்து சேர்ந்தாதான் அவன் ஸ்டூடண்ட். நடுவுல அவன் யாரு கணக்குலயும் இல்ல. ஊர் கணக்குல மட்டும்தான் இருக்கான். அதான் உங்களுக்கு எழுதுறேன்.

கவர்மெண்ட் ஒண்ணும் பண்ணலன்னு சொல்ல வரல. நம்ம மாவட்டத்த 2018ல மத்திய அரசு முன்னேற வேண்டிய மாவட்டம்னு லிஸ்ட்ல சேத்தாங்க, தமிழ்நாட்டுல நாமளும் விருதுநகரும். 2022 ஜனவரில ராமநாதபுரத்துல மெடிக்கல் காலேஜே வந்துருச்சு, இது நம்ம அப்பா காலத்துல நினைச்சுப் பாக்குற விஷயமா. அரசு ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சா மருத்துவத்துல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020ல இருந்து இருக்கு, அடுத்த வருஷமே இன்ஜினியரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம்னு எல்லாத்துக்கும் வந்துச்சு, அந்த ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் போனா படிப்புச் செலவு ஹாஸ்டல் செலவு அரசே கட்டுது. பொம்பளப் புள்ளைங்களுக்கு புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல, பயலுகளுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல, மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல விழுது, ஐடிஐ போனாலும் உண்டு. அரசு உதவி பெறுற ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் இந்த 1000 உண்டு, நம்ம பக்கம் சாமியார்மார் நடத்துற ஸ்கூல் நிறைய அந்த வகைதான். ஆனா அந்த ஸ்கூல் புள்ளைங்களுக்கு 7.5 கிடையாது, இது தெரியாம நிறைய வீட்டுல ஏமாந்து போறாங்க. இன்னொண்ணு, ஒம்பதாவதுல "கொஞ்சம் இங்கிலீஷ் வரட்டும்"னு தனியாருக்கு மாத்தி விட்டாலும் 7.5 போச்சு, திரும்ப கொண்டு வந்தாலும் வராது.

இவ்வளவு இருந்தும் ஏன் பயலுக போட்டுல ஏறுறானுங்கன்னா, இந்தக் காசெல்லாம் காலேஜ்ல சேந்ததுக்கு அப்புறம் வர்ற காசு. சேர்றதுக்கு முன்னாடி ஆகுற செலவுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒரு திட்டமும் கிடையாது. அரசு கலைக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் மொத்தமே 50 ரூபாதான், சேந்தாலும் வருஷத்துக்கு சில ஆயிரம்தான். ஆனா சர்டிபிகேட்டுக்கு அலைய, ராம்நாடு போக வர, நல்ல சட்டை ரெண்டு, பெட்டி, ஹாஸ்டல் டெபாசிட்டு, முதல் மாச மெஸ்ஸு, இதெல்லாம் சேத்து ஒரு பத்துல இருந்து பதினஞ்சாயிரம் கையில வேணும், அதுவும் ஜூன்ல வேணும். இந்தப் பதினஞ்சாயிரத்துக்குதான் ஒரு பய மூணு வருஷப் படிப்ப விட்டுட்டுப் போறான். லட்சக்கணக்கு மேட்டர் இல்ல, அதுதான் வயிறு எரியுது.

நம்ம ஊர்ல எந்த ஸ்கூல் விழா வச்சாலும் கலாம் ஐயா பேப்பர் போட்டுப் படிச்சாருன்னு சொல்லாம மைக்க விட மாட்டாங்க. சந்தோஷம், நம்ம மண்ணுக்காரரு, எத்தன தடவ சொன்னாலும் பெருமைதான். ஆனா அவரு மெட்ராஸ் எம்.ஐ.டி இன்ஜினியரிங் காலேஜ்ல சேர ஆயிரம் ரூபா பக்கத்துல தேவப்பட்டப்ப அவங்க அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுக் கட்டுனாங்க, அதையும் அவரே எழுதி வச்சிருக்காரு, அத எத்தன மேடையில கேட்டுருக்கீங்க? பேப்பர் போட்ட கதைய சொன்னா பயல உழைக்கச் சொல்லிட்டு நாம இறங்கிரலாம். வளையல் கதைய சொன்னா நாம எதையாச்சும் கழட்ட வேண்டி வரும்.

கேரியர் கைடன்ஸ்னு நடக்குற கூட்டங்கள பத்தியும் சொல்லிறேன். அரசோட நான் முதல்வன் திட்டம் 2022ல வந்ததுக்கு அப்புறம் கல்லூரிக் கனவுன்னு மாவட்டம் மாவட்டமா நடத்துறாங்க, அதுல நிஜமாவே விவரம் கிடைக்குது, எங்க புள்ளைங்கள வேன் புடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். சேராம விட்டுப் போன புள்ளைங்களத் தேட உயர்வுக்குப் படின்னு முகாமும் நடக்குது. எனக்கு ஒத்துவராதது நாம ஊர்ல நடத்துறது. பிளெக்ஸ், சால்வை, வெளியூர்ல இருந்து ஒரு பேச்சாளர், "நீங்க எல்லாரும் ஐஏஎஸ் ஆகணும்", கைதட்டு, புரோட்டா. எதிர்ல உக்காந்துருக்கிற புள்ள மனசுல ஓடுறது வருமானச் சான்று இன்னும் வரல, வெள்ளிக்கிழமை கடைசித் தேதிங்கிறது. அந்த பிளெக்ஸ் காசுல ரெண்டு புள்ளைக்கு ஹாஸ்டல் டெபாசிட் கட்டிருக்கலாம்.

சர்டிபிகேட் பாடு தனிப் பாடு. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, ஒண்ணொண்ணும் இ-சேவைல 60 ரூபா, அப்புறம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மேல போகணும், மே மாசம் எல்லாரும் ஒரே நேரத்துல போடுறதால அங்கயும் குமிஞ்சு கிடக்கும். முதல் பட்டதாரி சான்றுக்கு வீட்டுல யாரும் டிகிரி படிக்கலன்னு காட்டணும், அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி படிப்பு விவரம், டிசி எல்லாம் கேப்பாங்க, அஞ்சாவதோட கடலுக்குப் போன அண்ணனோட டிசிய எங்க போய் தேடுறது. இந்தச் சான்ற நாம லேசா நினைச்சிருக்கோம், தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல கவுன்சிலிங்ல போனா இதுக்கு வருஷம் 25,000 ரூபா கழியுது, நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம்.

இன்னொரு கொடும, நம்ம பக்கத்துக்கு மட்டுமே உள்ளது. ஒரு பயலுக்கு எல்லாம் ரெடி, பெத்தவரு கையெழுத்து மட்டும் பாக்கி, அப்பா யாழ்ப்பாணத்து ஜெயில்ல. இலங்கை நேவிக்காரன் புடிச்சுட்டுப் போயி, வாய்தா மேல வாய்தா. அம்மா போய் ஒரு ஆபீஸ்ல நின்னா "அப்பா எங்க"ங்குறான், சொன்னா "லெட்டர் வாங்கிட்டு வாங்க"ங்குறான், யாருகிட்ட வாங்குறது, ஜெயில்லயா? கடைசில அந்த ஊர்ச் சங்கத் தலைவரு ஒருத்தரே லெட்டர்பேடுல எழுதி, கூடவே போய் நின்னு, அரை நாள்ல முடிச்சுக் குடுத்தாரு. நான் ரெண்டு வாரமா கெஞ்சுன விஷயம். உங்க சீலுக்கும் உங்க ஆளு நேர்ல போய் நிக்கிறதுக்கும் அவ்வளவு மதிப்பு இருக்கு. சங்கம்னா புடிபட்ட போட்ட மீட்கவும் ஸ்ட்ரைக் பண்ணவும் மட்டுந்தானா? ஏப்ரல்லயே, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே, ப்ளஸ் டூ எழுதுன புள்ளைங்க எல்லாருக்கும் ஊர்க் கோயில்லயோ மதரஸாவுலயோ உக்கார வச்சு மொத்தமா சான்றுக்கு அப்ளை பண்ண வச்சா மே மாச நெரிசலே கிடையாது. போட்டு கரையில சும்மாதானே கிடக்கு, அப்பாமாரும் சும்மாதானே இருப்பாங்க, சீட்டாடுற நேரத்துல ஒரு நாளு குடுத்தாப் போதும்.

பத்தாவது முடிச்ச புள்ளைங்க விஷயமும் இதே மே மாசம்தான். எந்த குரூப் எடுக்குறதுன்னு கூட்டாளி எடுத்தத பாத்து எடுக்குறாங்க. உச்சிப்புளில ஐஎன்எஸ் பருந்துன்னு நேவியோட விமானத் தளம் இருக்கு, மண்டபத்துல கோஸ்ட் கார்டு இருக்கு, தினம் தலைக்கு மேல ஹெலிகாப்டர் போகுது, ஆனா அதுக்குள்ள நம்ம ஊர்ப் பயலுக எத்தன பேருன்னு யோசிச்சுப் பாருங்க. கோஸ்ட் கார்டுல நாவிக் ஜெனரல் டூட்டிங்கிற மாலுமி வேலைக்கு ப்ளஸ் டூல கணக்கும் பிசிக்ஸும் இருக்கணும், வயசு 18ல இருந்து 22. காமர்ஸ் எடுத்த பய நீச்சல்ல எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அந்த அப்ளிகேஷனே போட முடியாது. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் மூலமா மீனவர் பசங்களுக்கு நேவி, கோஸ்ட் கார்டு தேர்வுக்கு இலவசப் பயிற்சி குடுக்குறாங்க, ராமநாதபுரமும் அதுல ஒரு சென்டர், தங்கி சாப்பிட்டுப் படிக்கலாம். அதுக்கு ஆள் தேடும்போது "கணக்கு குரூப் படிச்ச பய இருக்கானா"ன்னு நாம தெருத் தெருவா கேக்க வேண்டியிருக்கு, பாக்கவே வெக்கமா இருக்கு.

கடல் தெரிஞ்ச புள்ளைக்கு கடல்லயே படிப்பு இருக்கு, அதையும் நம்ம வீடுகள்ல யாரும் பேசுறதில்ல. மத்திய அரசோட சிஃப்நெட்னு மீன்புடிக் கப்பல் பயிற்சி நிறுவனம் இருக்கு, தலைமை கொச்சியில, சென்னைலயும் விசாகப்பட்டினத்துலயும் கிளை. பத்தாவது பாஸ் பண்ணிட்டு நுழைவுத் தேர்வு எழுதி ரெண்டு வருஷம் படிச்சா கப்பல் ஓட்டுற பக்கமோ கப்பல் இன்ஜின் பக்கமோ போகலாம். மீன்வளப் பட்டப் படிப்புக்கு தூத்துக்குடில 1977ல இருந்து காலேஜ் இருக்கு, பிளஸ் டூல சயின்ஸ் படிச்சிருக்கணும், மீனவர் புள்ளைங்களுக்குன்னு தனி இடமே ஒதுக்கி வச்சிருக்காங்க. மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐன்னு பெரிய காம்பவுண்டு பாக்குறோம்ல, கடல் மீன் ஆராய்ச்சிக்குன்னு 1947ல ஆரம்பிச்ச, இந்தியா முழுசுக்குமான நிறுவனம் அது, அதோட தலைமையே பல வருஷம் நம்ம மண்டபம் கேம்புலதான் இருந்துச்சு, பிறகுதான் கொச்சிக்குப் போச்சு. கூண்டுல கடல் விரால் மீன் வளக்குற ஆராய்ச்சி நம்ம வாசல்ல நடக்குது, அங்க வேலை பாக்குற சயின்டிஸ்ட் கேரளா, ஆந்திரா, ஒடிசான்னு எங்கெங்கயோ இருந்து வர்றாங்க. நம்ம புள்ள அங்க வாட்ச்மேன் வேலைக்கு சிபாரிசு தேடுது.

கப்பல் வேலைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஏஜெண்டுகள பத்தி ஊர்ல கட்டாயம் தண்டோரா போடணும். "மெர்ச்சன்ட் நேவி, மூணு மாசம் கோர்ஸ், மாசம் எண்பதாயிரம் சம்பளம்"னு ஒருத்தன் வருவான், மூணு நாலு லட்சம் வாங்குவான், ஒரு சர்டிபிகேட்டும் குடுப்பான், கப்பல் மட்டும் வராது. வீட்டு நகையும், போட்டோட லைசென்ஸும் அடகுல போய் நின்ன குடும்பம் இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி அந்த இன்ஸ்டிடியூட் மத்திய அரசோட கப்பல் துறையான டிஜி ஷிப்பிங்கிட்ட அனுமதி வாங்குனதான்னு அவங்க வெப்சைட்டுலயே பாக்கலாம், ஆள் எடுக்குற கம்பெனிக்கு ஆர்பிஎஸ்எல்னு ஒரு லைசென்ஸ் நம்பர் இருக்கும், அது இல்லாதவன் கப்பலுக்கு ஆள் அனுப்பவே கூடாது. போன்ல அஞ்சு நிமிஷ வேலை, எங்க சென்டருக்கு வந்தா நாங்களே பாத்துச் சொல்றோம். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் சபர், அதாவது வளைகுடா வேலைக்குப் போற பசங்களுக்கும் இதே கதைதான், ஐடிஐல எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷமோ வெல்டர் ஒரு வருஷமோ முடிச்சுட்டுப் போற பயலுக்கும் சும்மா பாஸ்போர்ட்ட மட்டும் தூக்கிட்டுப் போற பயலுக்கும் அங்க சம்பளத்துல எவ்வளவு வித்தியாசம்னு ஜமாத்துல உக்காந்துருக்கிற காக்காமாருக்கு என்னைய விட நல்லாத் தெரியும். போயிட்டு வந்தவங்க நீங்கதான், நீங்க சொன்னாத்தான் பய கேப்பான்.

பொம்பளப் புள்ளைங்களுக்கு வர்றேன். இவங்கள யாரும் போட்டுல ஏத்தல, வீட்டுல உக்கார வைக்கிறோம். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போயிட்டா தம்பி தங்கச்சிய யாரு பாக்குறது, அக்காதான். ரெண்டு வருஷம் "சும்மா" இருப்பா, மூணாவது வருஷம் கல்யாணம். மார்க்கு பயலுகள விட அவதான் எடுத்துருப்பா, இது எங்க சென்டர்ல வருஷா வருஷம் பாக்குறது. கேட்டா "பஸ் எங்க இருக்கு, இருட்டுனா யாரு கூட்டிட்டு வர்றது"ங்குறாங்க. நியாயம்தான், ராமேஸ்வரத்துல இருந்து ராம்நாடு அம்பது கிலோமீட்டருக்கு மேல, மூக்கையூர் பக்கத்துல இருந்தும் தூரம்தான், நேரத்துக்கு பஸ்ஸும் கம்மி. ஆனா அதே தூரத்துக்கு கல்யாண வீட்டுக்கு வேன் வைக்கிறோமா இல்லையா? ஒரு ஊர்ல இருந்து ஏழெட்டு புள்ளைங்க ஒரே காலேஜுக்குப் போனா ஒரு வேனு தாராளமா ஓடும், ஊர் பேர்ல ஓடுற வேன்னா எந்த அப்பனுக்கும் பயமிருக்காது. கீழக்கரையில பெண்களுக்குன்னே காலேஜ் வந்தப்பறம் அந்தச் சுத்துவட்டாரத்துல எத்தன வீடு மாறிருக்குன்னு போய்ப் பாருங்க.

சரி, காசு. இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

விசைப்படகு வாரம் மூணு நாள் தொழிலுக்குப் போகுது. ஒரு போட்டு ஒரு தடவ இறங்குறதுக்கு டீசல், ஐஸ், ஆள் சாப்பாடுன்னு எவ்வளவு ஆகுதுன்னு சம்மாட்டிமாருக்குத் தெரியும். அதுல ஒரு இறக்கத்துக்கு நூறு ரூபா ஊர்க் கணக்குல வைங்க. நூறு போட்டு உள்ள ஊருன்னா நாளைக்கு பத்தாயிரம், வாரம் முப்பதாயிரம். தடைக்காலம், புயல் எச்சரிக்கை, ஸ்ட்ரைக், எல்லாம் போக வருஷத்துல முப்பது வாரம் ஓடுனாக்கூட ஒம்பது லட்சம். சின்ன ஊர்ல, நாட்டுப்படகு மட்டும் உள்ள ஊர்ல, இதுல பத்துல ஒரு பங்கு வந்தாலும் ஆறு புள்ளைங்கள காலேஜ்ல கொண்டு போய் விட்டுறலாம். இனாமா குடுங்கன்னு கேக்கல. வட்டியில்லாத கைமாத்து, ஜூன்ல குடுத்து, தொழில் ஆரம்பிச்சதும் அப்பா பங்குல கொஞ்சம் கொஞ்சமா புடிச்சுக்கோங்க, அந்த 1000 ரூபா வர ஆரம்பிச்சா புள்ளையே திருப்பிக் கட்டும். ஜமாத்துல பைத்துல்மால்னு பொது நிதி இருக்கு, பங்குல அன்பியம்ங்கிற குடும்பக் குழுவுல மாசச் சந்தா இருக்கு, கோயில் கமிட்டில தலைக்கட்டு வரி இருக்கு, அமைப்பு புதுசா எதுவும் உருவாக்க வேணாம், தலைப்பு ஒண்ணு கூடுதலா எழுதுனாப் போதும். திருவிழாவ நிறுத்துங்கன்னு நான் சொல்லல, சொன்னா எங்க அம்மாவே என்னய வீட்டுல சேக்க மாட்டாங்க. கச்சேரி ஒரு நாள் கம்மியா வைக்கலாம், அவ்வளவுதான்.

சம்மாட்டிமாருகிட்ட தனியா ஒண்ணு. ப்ளஸ் டூ முடிச்ச பய பேர்ல ஜூலை கடைசி வரைக்கும் அட்வான்ஸ் எழுதாதீங்க. அப்பாவே கெஞ்சுனாலும் எழுதாதீங்க. ஆள் தட்டுப்பாடுன்னு சொல்வீங்க, தெரியும், ஒரு ஆள் கம்மியா மடி வலை இழுக்குறது எவ்வளவு கஷ்டம்னு எங்க வீட்டுலயும் போட்டு இருந்துச்சு. ஆனா ஒரு சம்மாட்டி மட்டும் நல்லவரா இருந்து பிரயோஜனமில்ல, இவரு மறுத்தா பய அடுத்த போட்டுக்குப் போயிருவான். ஊர் முழுக்க ஒரே பேச்சா இருக்கணும். கடல்ல எந்த நாள் யாரு போறது, எந்த வலை போடக் கூடாதுன்னு எவ்வளவோ கட்டுப்பாடு ஊரா போட்டு ஊரா காப்பாத்துறோம், மீறுனா தண்டம் போடுறோம். அதுல ஒண்ணா இதையும் போடுங்க. ஜூலை முடிஞ்சு, எங்கயும் சேரல, எனக்குக் கடல்தான் புடிச்சிருக்குன்னு பயலே சொன்னா ஏத்திக்கோங்க, நான் வந்து மறிக்க மாட்டேன்.

இதையும் சொல்லிறணும், கடலுக்குப் போறவன் படிப்புல தோத்தவன்னு நான் நினைக்கல. அப்படிப் பேசுற மோட்டிவேஷன் ஆளுங்கள எங்க சென்டர்ல ஏத்துறதே இல்ல, அப்பன் தொழில மட்டம் தட்டிட்டு புள்ளைக்கு என்ன நம்பிக்கை குடுக்கப் போற. என் தம்பி கடலுக்குத்தான் போறான், டிப்ளமோ முடிச்சுட்டுப் போறான், இன்ஜின் ரிப்பேருக்கு இன்னைக்கு மூணு ஊர்ல இருந்து அவனத் தேடி வர்றாங்க. பயலுக்கு ரெண்டு வழி தெறந்திருந்து அவனா கடல எடுத்தா அது வேற, கடன் எடுத்துக் குடுத்தா அது வேற.

சேத்து விட்டா முடிஞ்சதுன்னும் நினைச்சிராதீங்க. கோயம்புத்தூர், சென்னைன்னு போன பயலுகள்ல சில பேரு தீபாவளிக்கு வந்தவங்க திரும்பப் போறதில்ல. இங்கிலீஷ்ல கிளாஸ் புரியல, ஹாஸ்டல் சாம்பார் தொண்டையில இறங்கல, "மீன்காரப் பய"ன்னு எவனோ சொல்லிட்டான், இதுக்கெல்லாம் சேத்து ஒரு காரணம் தேவப்படுது, "அம்மாவுக்கு முடியல"ன்னு சொல்லிட்டு கரையில நிப்பான். அப்ப அவன்கிட்ட பேசுறதுக்கு அதே ஊர்ல இருந்து முன்னாடி போன ஒரு அண்ணன் வேணும், அக்கா வேணும். எங்ககிட்ட வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு, முதல் செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு தடவ கூப்பிட்டுப் பேசுவோம், பேசுன புள்ளைங்க பெரும்பாலும் படிப்ப விடாம தொடர்றாங்க. ஊர்ல டிகிரி முடிச்சுட்டு வேலையில இருக்கிற ஆளுங்க லிஸ்ட் உங்ககிட்டதான் இருக்கு, கோயில் நன்கொடைக்கு மட்டும் அந்த லிஸ்ட்ட எடுக்காம இதுக்கும் எடுங்க. வீட்டு அக்கவுண்ட் உள்ள பேங்க்ல கல்விக்கடன் கேட்டுப் போகும்போதும் நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச ஒரு ஆளு பக்கத்துல நின்னா மேனேஜர் பேச்சே வேற மாதிரி இருக்கும்.

தடைக்காலம் ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி ஊர்க் கூட்டம் ஒண்ணு போடுங்க. செவ்வாக்கிழமை சாயங்காலமா வைங்க, திங்கக்கிழமை போன போட்டெல்லாம் காலைலயே கரைக்கு வந்துரும், சம்மாட்டிமாரும் தூங்கி எந்திரிச்சிருப்பாங்க. ப்ளஸ் டூ எழுதுன புள்ளைங்க பேரு, படிச்ச குரூப்பு, வீட்டு நிலவரம், எந்தச் சான்று இருக்கு எது இல்லன்னு எங்க பக்கத்து ஊர்களுக்கு நாங்க லிஸ்ட் எடுத்து வச்சிருக்கோம், மத்த ஊருக்கு ரெண்டு மூணு காலேஜ் புள்ளைங்கள அனுப்பி ஒரு வாரத்துல எடுத்துத் தர்றோம். கணக்கு நோட்டு, ரசீது புக்கு எல்லாம் உங்க ஆளுங்ககிட்டயே இருக்கட்டும், பணத்துல நாங்க கை வைக்க மாட்டோம். எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் நான் வர்றேன். ஒண்ணே ஒண்ணு, அன்னைக்கு அம்மாமாரையும் கூப்பிடுங்க, வாசல்ல நிக்க வைக்காம உள்ள நாற்காலி போடுங்க, ஏன்னா அட்வான்ஸ் காசுக்குக் கையெழுத்து அப்பா போட்டாலும் அத அடைக்கிறது பாதி அவங்கதான், அவங்க சரின்னு சொல்லாம இந்தக் கட்டுப்பாடு ஒரு தடைக்காலம் கூட தாங்காது.

இப்படிக்கு,
மண்டபத்துப் பக்கத்து சாயங்கால சென்டர்ல இருந்து,
உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி